கைக்கு எட்டும் நீளம்

பிப்ரவரி 9

அண்ணி அவர்களுக்கு,

தோளுக்குக் கீழே வைத்துக்கொள்ளத் தைத்து அனுப்பிய தலையணைக்கு நன்றி. அது வந்து நாலு மாதம் ஆகிறது. நன்றி சொல்லாமலேயே நாலு மாதம் அதன்மேல் கையை வைத்துத் தூங்கியிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பெட்டியின் மேல் அண்ணனின் கையெழுத்துதான் இருந்தது. ஆனால் அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான் தைக்கவே வராது. அக்குளில் படுகிற இடத்தில் மட்டும் துணியை மாற்றி இரட்டை மடிப்பு போட்ட ஆள் யாரென்று பிரித்த அன்றைக்கே தெரிந்துவிட்டது.

நான் விழுந்த கதையை அண்ணன் சொல்லிச் சிரித்திருப்பார். விமானத்திலிருந்து ஆயிரத்து இருநூறு தடவை குதித்தவள், விமானம் நிறுத்தும் ஹாங்கரில் மின்விசிறியைத் துடைக்க ஏணியில் ஏறி மூன்றாவது படியிலிருந்து விழுந்தேன். வலது தோள். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. பாராசூட் பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் என்னை இப்போது 'ஏணி' என்கிறார்கள். அண்ணன் வைத்த 'கடுகு' எவ்வளவோ தேவலை.

இதைப் போனில் கேட்டிருக்கலாம். நம் இரண்டு பேர் குரலும் ஒரே நேரத்தில் ஒரே போனில் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் கடிதம்.

மே மாதத்திலிருந்து குதிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் எனக்குப் புது ரைசர் வேண்டும். கைக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிப் பெண் நேற்று, "ரைசர்னா என்னக்கா?" என்று கேட்டாள். "உடம்புல மாட்டிக்கிற ஹார்னஸோட தோள் வளையத்துலேர்ந்து மேல குடைக் கயிறு வரைக்கும் போற பட்டை. அதோட பின்பக்கத்துலதான் குடையைத் திருப்புற கைப்பிடி இருக்கும். கை அதுக்கு எட்டலைன்னா குடை அது இஷ்டத்துக்குப் போகும், நாம கூடவே போகணும்" என்றேன். "ஐயோ" என்று என் கையை விட்டுவிட்டாள்.

கடைகளில் கிடைப்பதெல்லாம் இருபத்தொரு இன்ச். என் உயரத்துக்கு அது எப்போதுமே அதிகம்தான், எம்பி எம்பியே பத்து வருடத்தை ஓட்டிவிட்டேன். இனி எம்ப முடியாது. எனக்கு வேண்டியது பத்தொன்பது இன்ச், ஒல்லிப் பட்டை, சின்ன வளையம், முன்பட்டையில் கைவிட்டு இழுக்கக் காது. ஒல்லிப் பட்டை காற்றில் படபடக்காது. அகலப் பட்டையை இப்போது புதிதாக வருகிற மாணவர்களைத் தவிர யாரும் போடுவதில்லை.

பாராசூட் பட்டறைக்காரர்களில் கேட்ட அளவுக்குத் தைத்துக் கொடுக்கிறவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். முடியாது என்றால் அண்ணனிடம் சொல்லி அனுப்பினால் போதும்.

கடுகு


பிப்ரவரி 20

கடுகுக்கு,

தலையணை உறையைக் கழற்றித் துவைக்கலாம். ஓரத்தில் ஜிப் இருக்கிறது. நாலு மாதமாக நீ துவைத்திருக்க மாட்டாய்.

ரைசர் தைத்துத் தருகிறேன். ஆனால் 'பத்தொன்பது' என்று நீயே சொல்வதை வைத்துத் துணி வெட்ட மாட்டேன். ஹார்னஸை மாட்டிக்கொண்டு கூரைச் சட்டத்திலிருந்து தொங்கு. நின்றுகொண்டு அளந்தால் தப்பாக வரும். தொங்கும்போது தோள் மேலே ஏறும், கை உயர்வது குறையும். கையை வலி இல்லாமல் எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்து. தோள் வளையத்திலிருந்து மணிக்கட்டு வரை வேறு ஒருவரை டேப் பிடிக்கச் சொல். இரண்டு கையையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

இனி பட்டை. ஒல்லிப் பட்டைக்குச் சின்ன வளையம், அகலப் பட்டைக்குப் பெரிய வளையம். ஒரே ஹார்னஸில் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்ட முடியாது என்பது உனக்கே தெரியும். இப்போது உன்னிடம் இருப்பது சின்ன வளைய ஹார்னஸ். உன் பழைய பெரிய வளைய ஹார்னஸ் என்னிடம்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் காற்றாட விட்டு வைக்கிறேன்.

முதல் குடை கோளாறாகி, இரண்டாவதைத் திறப்பதற்கு முன் அதைத் துண்டிக்க வேண்டி வந்தால் சிவப்புக் கைப்பிடியை இழுப்பது வலது கை. ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டுகிற பெரிய வளையம் மூன்றும் குடையின் பாரத்தைப் பங்குபோட்டுக் குறைத்துவிடும், அதனால் இழுப்பதற்கு லேசாக இருக்கும். சின்ன வளையத்தில் அதே வேலைக்கு இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும். ஆரோக்கியமான கைக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

முன்பட்டைக் காது எதற்கு? தரைக்குப் பக்கத்தில் வேகமாகப் பாய்வதற்குத்தானே? அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். பள்ளிக்கூடப் பேருந்தின் ஹாரன் கெட்டுவிட்டதென்று மூன்று நாளாக ஜன்னல் வழியே கையை நீட்டிக் கத்திக்கொண்டு ஓட்டுகிறார்.

அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உறையைத் துவைத்துவிட்டேன். தண்ணீர் என்ன நிறத்தில் போயிற்று என்று சொல்ல மாட்டேன்.

அளந்தாயிற்று. இடது கை இருபது, வலது கை இருபது. தொங்கித்தான் அளந்தேன். ஆக, பத்தொன்பது தாராளம்.

பெரிய வளையத்தைப் பற்றி நீங்கள் எழுதியதையும் யோசித்தேன். என் பழைய ஹார்னஸைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு நன்றி. ஆனால் அதை மாட்டிக்கொண்டு நான் மாணவர்களுக்கு முன்னால் போய் நின்றால், லாரியில் சரக்கு கட்டுகிற பட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். பயிற்சியாளர் பார்க்க எப்படி இருக்கிறார் என்பதும் மாணவர்களுக்குத் தைரியம் கொடுக்கிற விஷயம்தான். சிரிக்காதீர்கள்.

ஒல்லிப் பட்டையே இருக்கட்டும். வேண்டுமென்றால் காதை விட்டுக்கொடுக்கிறேன். நான் ஒரு விஷயத்தை விட்டுக்கொடுத்தேன் என்று அண்ணனிடம் சொல்லுங்கள், காலண்டரில் குறித்து வைப்பார்.

கடுகு


மார்ச் 13

கடுகுக்கு,

பத்தொன்பது வருடமாக மனிதர்களை அளக்கிறேன். இரண்டு கையும் ஒரே அளவாக இருக்கிற ஒருவரைக்கூட இதுவரை பார்த்ததில்லை. எனக்கே இடது கை கால் இன்ச் நீளம். உனக்கு ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. இருபதும் இருபதும் வராது.

நீ இடது கையை அளந்து இரண்டு தடவை எழுதியிருக்கிறாய்.

இதை எழுதும்போது இரண்டு வருடத்துக்கு முந்தைய சமையலறைதான் கண்ணில் நிற்கிறது. நீ தரையில் மோசமாக வந்து இறங்கித் தலையில் அடிபட்ட அடுத்த வாரம். தண்ணீர் பிடிக்க வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "என்ன ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்ல அண்ணி, தூக்கம் பத்தல" என்றாய். டம்ளர் நிரம்பி வழிந்ததுகூட உனக்குத் தெரியவில்லை. மறுநாளும் குதிக்கப் போனாய். நீ அப்போது வேலை பார்த்த பயிற்சிப் பள்ளிக்கு நான் கடிதம் எழுதினேன். அவர்கள் உன்னை நிறுத்தினார்கள், ஹார்னஸை வாங்கி என்னிடம் கொடுத்தார்கள், வேலை போயிற்று, நீ ஊரைவிட்டே போய்விட்டாய்.

எழுதியது தவறு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், உன் முதுகுக்குப் பின்னால் எழுதியதுதான் தவறு. முதலில் உன்னை உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். எனக்குச் சண்டை போட வராது, அதனால் பேனாவை எடுத்தேன். கோழைத்தனம்தான். அதற்காக வருந்துகிறேன். இதைச் சொல்ல இரண்டு வருடம் ஆனதற்கும் வருந்துகிறேன்.

இந்த முறை யாருக்கும் எழுத மாட்டேன். உன் அண்ணனிடமும் சொல்லவில்லை. உன்னிடமே கேட்கிறேன்.

வலது கை எத்தனை?

அண்ணி


மார்ச் 19

அண்ணிக்கு,

நான் கேட்டது ரைசர், வைத்தியம் அல்ல. வேறு இடத்தில் சொல்லிக்கொள்கிறேன். சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கவும்.


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணி,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டீர்களா? போடாவிட்டால் இப்போது போட்டுவிடுங்கள்.

அதைத் தபாலில் போட்ட அன்றே வேறு ஒரு கடையில் பத்தொன்பது இன்ச் ஒல்லிப் பட்டைக்குச் சொன்னேன். பத்து நாளில் வந்துவிட்டது. கறுப்பு, அழகாகத்தான் இருந்தது. எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, ஹாங்கரில் ஹார்னஸை மாட்டிக் கூரைச் சட்டத்திலிருந்து தொங்கினேன். புது ரைசர் தலைக்கு மேலே. இடது கை போய்க் கைப்பிடியைப் பிடித்தது. வலது கை காதுக்குப் பக்கம் வரை போனது, அங்கேயே நின்றுவிட்டது. வலி என்றுகூடச் சொல்ல முடியாது. கதவு சாத்தியிருக்கிற மாதிரி இருந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து மேலே தள்ளினேன். அப்போதும் இரண்டு விரல் பாக்கி.

இறங்கவும் மனசில்லாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தேன். ஹாங்கரைக் கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்து கீழே நின்றார்.

"எதுக்கும்மா தொங்கிக்கிட்டு அழுவுற?"

"அழல. கண்ணுல தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா?"

அவரிடமே டேப்பைக் கொடுத்தேன். ஸ்டூல்மேல் ஏறி அளந்து, எண்ணைப் படிக்கத் தெரியாமல், டேப்பை நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே இறங்கி வந்து என்னிடம் காட்டினார். நகம் இருந்த இடம் பதினாறரை.

வலது கை பதினாறரை, அண்ணி. இடது கை இருபது. இதுதான் உண்மையான அளவு.

மறுநாள் காலை சீஃபிடம் போனேன். எங்கள் தலைமைப் பயிற்சியாளர் அதிகம் பேச மாட்டார். ஜன்னலோரம் நின்று, வெளியே காற்றின் திசை காட்டுகிற காற்றுப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், என் வலது கை மேல போக மாட்டேங்குது. டாக்டர்கிட்ட சரியாச் சொல்லல. உங்ககிட்டயும் சொல்லல."

"எவ்வளவு நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

ஜன்னலை விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம், "ஜூன் வரைக்கும் குதிக்க வேண்டாம். தரை வகுப்பு நீ எடு. ஜூன்ல நானே தொங்கவிட்டுப் பாக்குறேன்" என்றார். நான் கதவு வரை போனதும், "நீயா வந்து சொன்னே பாரு, அது போதும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இந்த முறை தூசி என்றுகூடச் சொல்ல முடியாது.

இன்னொன்று. இதை அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பழைய பள்ளியில் என்னை நிறுத்தியதும் கோபத்தில்தான் ஸ்கேன் எடுக்கப் போனேன். எனக்கு ஒன்றுமில்லை என்று காகிதத்தோடு நிரூபித்து அதை உங்கள் முகத்தில் எறிய வேண்டும் என்று. தலைக்குள்ளே ரத்தம் கசிந்திருந்தது. "இன்னொரு தடவை இப்படி விழுந்திருந்தா நாம இப்போ பேசிட்டிருக்க மாட்டோம்" என்றார் அந்த டாக்டர். அந்தக் காகிதத்தை மடித்துப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, உங்கள் வீட்டுக்கு வந்து, "ஊசி நூல் பிடிக்கிறவங்களுக்கு வானத்தப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போனேன். உங்களால்தான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டே கேட்டேன். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அதைச் சொன்னேன். நீங்கள் தையல் மிஷினின் விளக்கை அணைத்தீர்கள். அது இன்னும் நினைவிருக்கிறது.

சொல்லாமல் எழுதியது தவறு என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன், அண்ணி. இன்னும் நன்றாக ஒளித்திருப்பேன். அதனால் மன்னிப்புக் கேட்க வேண்டியது நான்தான். கேட்கிறேன். நன்றியும் சொல்கிறேன், இரண்டு வருடம் தாமதமாக.

இனி நீங்களே தேர்ந்தெடுங்கள். லாரிப் பட்டை என்றாலும் சரி.

உங்கள் கடுகு


ஏப்ரல் 21

அன்புள்ள கடுகு,

உன் கடிதத்தை மத்தியானம் படித்தேன். பட்டறையில் மற்றவர்கள் இருந்தார்கள், அதனால் மடித்து வைத்துவிட்டுச் சாயங்காலம் வரை ஒரு பையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். அதில் பாதியைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியிருந்தது.

ஸ்கேன் விஷயத்தை நீயே உன் அண்ணனிடம் சொல். நான் சொல்ல மாட்டேன். ஆனால் சொல்.

பார்சலில் உன் பழைய ஹார்னஸும் புது ரைசரும் இருக்கின்றன. அகலப் பட்டை, பெரிய வளையம், பதினேழு இன்ச். உன் இடது கைக்கு இது குட்டை, வலது கைக்கு அரை இன்ச் அதிகம். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு நீளம் தைக்க முடியாது, குடை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். பதினாறரை தைத்திருக்கலாம். தைக்கவில்லை. பட்டை குட்டையானால் குடை முழுதாக விரிந்து கொடுக்காது, அதற்கு ஓர் எல்லை உண்டு. மீதி அரை இன்ச் உன் வேலை. அந்தப் பிசியோதெரபிப் பெண்ணைப் பயமுறுத்தாமல் அவள் சொல்கிறபடி செய்.

ஏன் பழைய ஹார்னஸ் என்று கேட்பாய். முதல் குடையின் ரைசரைப் பற்றி மட்டும்தான் நீ யோசித்தாய். இரண்டாவது குடையான ரிசர்வின் பட்டை ஹார்னஸோடு ஒன்றாகத் தைத்தது, அதைக் கழற்றி மாற்ற முடியாது. இப்போது உன்னிடம் இருக்கிற ஹார்னஸைக் கடையில் வாங்கினாய், யாரோ உயரமானவருக்குத் தைத்தது. அதில் ரிசர்வ் பட்டை நீளம். முதல் குடையைத் துண்டித்துவிட்டு இரண்டாவதில் தொங்கும்போது உன் வலது கை கைப்பிடிக்கு எட்டியிருக்காது. பழையது உன்னையே அளந்து எங்கள் பட்டறையில் தைத்தது. அதில் எட்டும். எட்டுமா என்று நானே மாட்டிக்கொண்டு தொங்கிப் பார்த்தேன். உன் அளவு எனக்கு எப்படிப் பொருந்தும்? மூச்சுவிட முடியவில்லை. உன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் ஆசை வந்துச்சா?" என்றார். "வாயை மூடிட்டு டேப்பைப் பிடிங்க" என்றேன்.

நீ கேட்காத ஒன்றையும் வைத்திருக்கிறேன். வளையத்தை விடுவிக்கிற மஞ்சள் கம்பி ரைசருக்குள்ளே போகிற இடத்தில், இரண்டு பக்கமும் சின்ன இரும்புக் குழல். கயிறு முறுக்கிக்கொண்டால் பட்டையும் சேர்ந்து முறுக்கும், உள்ளே இருக்கிற கம்பியைக் கவ்வும். அப்போது பலமான கையால்கூட இழுக்க முடியாமல் போவது உண்டு. குழல் இருந்தால் கம்பிக்கு வழி திறந்தே இருக்கும்.

காது வைக்கவில்லை. கேட்காதே.

நீயாகப் போய்ச் சொன்னாய். அதைப் படித்தபோது எனக்கு இருந்தது நன்றிதான். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, உன்னிடமே சொல்கிறேன்.

அண்ணி


ஜூன் 10

அன்புள்ள அண்ணி,

முதலில்: நான் நன்றாக இருக்கிறேன். ஒரு கீறல் இல்லை. இதைப் படித்துவிட்டு மூச்சு விடுங்கள், அப்புறம் மேலே படியுங்கள்.

ஜூன் முதல் தேதி சீஃப் என்னைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பதினேழேகால் போனது. அந்தப் பிசியோதெரபிப் பெண்ணுக்கு ஒரு பூச்செடி வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் தேதியும் ஐந்தாம் தேதியும் குதித்தேன், ஒரு குறையும் இல்லை. எம்பாமல் கைப்பிடியைப் பிடிப்பது என்றால் என்னவென்று பத்து வருடத்தில் முதல்முறையாகத் தெரிந்தது. வீட்டுத் தாழ்ப்பாளைத் திறக்கிற மாதிரி சும்மா கையை நீட்டினேன், இருந்தது. குடை திருப்புவதற்குக் கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது, அதுகூட எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்கேன் விஷயத்தை உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். பதிலுக்கு அவர் பேருந்தின் ஹாரனை ஒருமுறை அடித்தார். சரிசெய்துவிட்டார் போல.

எட்டாம் தேதி காலை. குடை திறக்கும்போதே ஒரு பக்கம் இழுத்தது. நான்தான் மடித்தேன், தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். கயிறு முறுக்கிக்கொண்டது, நாலைந்து சுற்று. வழக்கமாகக் காலை உதைத்துச் சுற்றிப் பிரித்துவிடலாம். ஆனால் குடையே சுழல ஆரம்பித்துவிட்டது. பட்டை இரண்டும் என் கழுத்துக்குப் பின்னால் ஒன்றாக முறுக்கி, தலையைக் குனிய வைத்துவிட்டது. மேலே பார்க்க முடியவில்லை. கீழே வயல், சாலை, வயல், சாலை என்று சுற்றிக்கொண்டிருந்தது. உயரமானி இரண்டாயிரத்து நானூறு அடி காட்டியது.

பயமாக இருந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த நேரம் நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: வலது கை இழுக்குமா? கையை மேலே தூக்க முடியாதது தெரியும், கீழே இழுக்கிற பலம் எவ்வளவு இருக்கிறது என்று நான் சோதித்ததே இல்லை. சிவப்புக் கைப்பிடியை வலது கையால் பிடித்தேன், அதன்மேல் இடது கையையும் வைத்தேன். பட்டை கயிறு மாதிரி முறுக்கியிருக்கிறது, கம்பி உள்ளே மாட்டியிருக்கும், இழுத்தால் வராது என்று முழு பலத்தையும் சேர்த்து இழுத்தேன்.

வந்துவிட்டது, அண்ணி. அலமாரி இழுப்பறை வருகிற மாதிரி வந்துவிட்டது. நான் போட்ட பலத்தில் கை இடுப்புக்குக் கீழே போய்விட்டது. மூன்று வளையமும் விட்டன, குடை போயிற்று, ஒரு நொடி ஒன்றுமே இல்லை. அடுத்து ரிசர்வை இழுத்தேன். அது திறந்ததும் எல்லாம் அமைதியாகிவிட்டது. இரண்டு கையையும் உயர்த்தினேன். இரண்டும் எட்டின. ஆயிரத்தைந்நூறு அடியில் தொங்கிக்கொண்டு, சத்தமாக, "அண்ணி!" என்று கூப்பிட்டேன்.

ஹாங்கருக்குப் பின்னால் புல்லில் நின்றபடியே இறங்கினேன். கூட்டுகிற அம்மா ஓடி வந்து என் இரண்டு கையையும் தடவித் தடவிப் பார்த்தார்.

துண்டித்த குடை காற்றில் போய்விட்டது, உங்கள் ரைசரும் அதோடுதான். என்னைக் காப்பாற்றியதை நானே கையால் விட்டுவிட்டேன் என்பது வருத்தமாக இருந்தது. சாயங்காலம் வரை தேடினோம். சிமெண்ட் குழாய் செய்கிற ஒரு தொழிற்சாலையின் கூரையில் கிடந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் இறக்கி, போர்வை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள்.

"உங்களுதா? காலையில வானத்துலேர்ந்து விழுந்துச்சு. இதுல வந்த ஆளு எங்கன்னு ஒரு மணி நேரம் தேடினோம்."

"அந்த ஆளு நான்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "இவ்வளவுதானா?" என்றார் ஒருவர்.

ரைசரைக் கழற்றி இதோடு அனுப்பியிருக்கிறேன். திரும்பப் போடலாமா என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

சீஃப் அதை மேஜையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். குழலுக்குள் விரலை வைத்துப் பார்த்தார். "யார் தச்சது?" "எங்க அண்ணி." "நம்ம பள்ளியில பதினாலு ஜோடி இருக்கு. ஒண்ணுலயும் குழல் இல்ல. கூப்பிட்டா வருவாங்களா?" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கிறேன்.

அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு இப்போது தெரியும். வானத்தைப் பற்றி எனக்குத் தெரியாத எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள்
கடுகு


ஜூன் 19

அன்புள்ள கடுகு,

'நன்றாக இருக்கிறேன்' என்று முதல் வரியில் எழுதியதற்கு நன்றி. மூச்சு விடச் சொன்னாய், விட்டேன். உன் அண்ணனுக்கு நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வயல், சாலை, வயல், சாலை என்ற இடத்தில் அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, "படி" என்றார். நீ கூரையில்லாத இடத்தில் தொங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாய் என்று வந்ததும் காகிதத்தை அவரிடம் நீட்டிவிட்டேன். மீதியை அவர்தான் படித்தார்.

ரைசரைப் பார்த்தேன். ஒரு தையல் விடவில்லை. முறுக்கிய இடத்தில் பட்டையில் சின்ன மடிப்புத் தழும்பு, கொஞ்சம் சிமெண்ட் தூள். தட்டிவிட்டேன். வளையத்தைக் கட்டுகிற சிறு கயிறுகளை மட்டும் மாற்றிவிடுகிறேன், தாராளமாகப் போடலாம்.

வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். எங்கள் பட்டறைக்கு வருவதெல்லாம் கிழிந்ததும் அறுந்ததும்தான். நன்றாக வேலை செய்தது எதுவும் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கேயோ யாரோ பத்திரமாக இறங்கியிருப்பார்கள் என்று நாமே நினைத்துக்கொண்டு அடுத்ததை வெட்டுவோம். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ஒன்று என் மேஜைக்குத் திரும்பி வந்திருக்கிறது, அதுவும் உன்னை இறக்கிவிட்டு வந்திருக்கிறது.

நான் தைத்தேன், சரி. ஆனால் பதினாறரை என்ற எண் இல்லாவிட்டால் எதைத் தைத்திருப்பேன்? நீ இருபது என்றே பிடிவாதமாக இருந்திருந்தால் நான் எதையுமே வெட்டியிருக்க மாட்டேன், நீ அந்தக் கறுப்புப் பட்டையோடு குதித்திருப்பாய். அதனால் நன்றியை நீ முழுதாக எனக்கே அனுப்பிவிடாதே, பாதியை வைத்துக்கொள்.

உங்கள் சீஃபிடம் வருகிறேன் என்று சொல். இருபத்தெட்டாம் தேதி ரயில், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்து சேரும். பதினாலு ஜோடிக்கும் பத்து நாளாவது ஆகும். பட்டறையில் லீவு சொல்லிவிட்டேன். உன் அண்ணன் தனியாகச் சமைத்துக்கொள்வாராம். அக்கம்பக்கத்தில் இப்போதே எச்சரித்து வைத்திருக்கிறேன்.

உன் அறையில் ஒரு கட்டில்தான் இருக்கிறதென்று அவர் சொன்னார். கட்டிலில் நீ படு, தோளுக்கு அதுதான் நல்லது. நான் கீழே படுத்துக்கொள்கிறேன். இதில் மட்டும் வாக்குவாதம் வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போட நமக்குப் பத்து நாள் இருக்கிறது.

உன்
அண்ணி